பழைய சபையை விட்டு வந்தாயிற்று, இனி எங்கே போவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். காணிக்கைக் கணக்கில் குளறுபடி, போதகரின் அடக்குமுறை, கமிட்டித் தேர்தல் சண்டை, சாதிப் பாகுபாடு, பெண்களிடமோ பிள்ளைகளிடமோ தவறான நடத்தை என்று ஏதோ ஒரு காரணத்தால் சபையை விட்டு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். நான் போதகர் இல்லை, பெஞ்சில் உட்கார்ந்து ஆராதிக்கிற ஒரு விசுவாசி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரசங்கத்தையும் பாட்டையும் மட்டும் வைத்துப் புதிய சபையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே ஒரு சாதாரண விசுவாசி ஒரு கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கீழே உள்ள பதில்களில் பாதிக்குமேல் அதைச் சுற்றித்தான் வரும்.

சபையை விட்டுப் போனால் சாபம் வரும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதானோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தோடு வருகிறவர்கள்தான் அதிகம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதீர்கள்" என்ற வசனத்தைத்தான் பெரும்பாலும் உங்கள்மேல் எறிந்திருப்பார்கள். அது 105ஆம் சங்கீதத்தில் வருகிறது. சங்கீதம் முழுவதையும் வாசித்துப் பாருங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்ற சிறு குடும்பம் தேசம் தேசமாக அலைந்தபோது, அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது. பலமுள்ளவனிடமிருந்து பலமில்லாதவனைக் காக்க வந்த வசனம். கணக்குக் கேட்ட விசுவாசியின் வாயை அடைக்க அதில் இடமே இல்லை. தாவீது அபிஷேகம் பெற்ற ராஜா. நாத்தான் அவன் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்றார். அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் எல்லார் முன்பாகவும் அவரைக் கண்டித்தார். இருவரையும் யாரும் சபிக்கவில்லை.

சாபத்தைப் பற்றி வேதம் சொல்வதையும் கேளுங்கள். "காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது" என்கிறது நீதிமொழிகள் 26:2. கூலிக்குச் சபிக்க அழைத்துவரப்பட்ட பிலேயாமே, தேவன் சபிக்காதவனை நான் சபிப்பதெப்படி என்று கைவிரித்துவிட்டான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், ஜெபம் பண்ணுங்கள். காய்ச்சல் பழைய சபையிலும் வந்தது, புதிய சபையிலும் வரும். போகிறவர்களைச் சாபம் சொல்லிப் பிடித்துவைக்கிற இடம், நீங்கள் வெளியே வந்தது சரி என்பதற்குத் தானே சாட்சி சொல்கிறது.

எந்தச் சபையில்தான் பிரச்சினை இல்லை? பொறுத்துப் போயிருக்க வேண்டுமோ?

ஒலிபெருக்கிச் சத்தம், பாடகர் குழுவில் இடம் கிடைக்காதது, அசனத்தில் (சபை விருந்தில்) யாரோ முகம் கொடுத்துப் பேசாதது போன்றவை எல்லாச் சபையிலும் உண்டு. அதற்காக வந்திருந்தால் திரும்பிப் போய்ப் பேசிப் பார்ப்பது நல்லது. பணத்தில் மோசடி, உடல்ரீதியான அத்துமீறல், குடும்பத்துக்குள் புகுந்து யாரோடு பேசலாம், யாரைக் கட்டலாம் என்று ஆணையிடுவது, சாதி பார்த்து ஒதுக்குவது ஆகியவை வேறு வகை. மத்தேயு 18 சொல்கிறபடி தனியாகவும், பிறகு சாட்சிகளோடும் பேசிப் பார்த்தும் மாறவில்லை என்றால் வெளியே வருவது பாவம் ஆகாது. அத்துமீறல் நடந்திருந்தால் தனியாகப் போய்ப் பேசவே வேண்டாம். பாதிக்கப்பட்டவரைத் தவறு செய்தவர் முன் தனியே நிறுத்த மத்தேயு 18ஐ யாரும் காரணம் காட்டக் கூடாது. பவுலும் பர்னபாவும்கூடக் கடும் வாக்குவாதத்தில் பிரிந்து வேறு வேறு திசைகளில் ஊழியத்துக்குப் போனார்கள்.

உடனே அடுத்த ஞாயிறே வேறு சபைக்குப் போக வேண்டுமா? "சபை கூடிவருதலை விட்டுவிடாமல்" என்று எபிரெயரில் இருக்கிறதே?

இருக்கிறது, அதை நானும் மதிக்கிறேன். ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். ஆனால் காயத்தோடு ஓடிப்போய் முதல் கதவிலேயே நுழைந்து அங்கத்தினர் படிவத்தில் கையெழுத்துப் போடுவதால் வருகிற சேதத்தை நிறையப் பார்த்திருக்கிறோம். சில வாரம் வீட்டிலேயே குடும்ப ஜெபம் நடத்துங்கள். ஒரு பாமாலை, ஒரு அதிகாரம், பிள்ளைகள் ஆளுக்கொரு சிறு ஜெபம், அது போதும். நம்பிக்கையான இரண்டு மூன்று பேரை வீட்டுக்கு அழைத்துச் சேர்ந்து ஜெபிக்கலாம். அதுவும் கூடிவருதல்தான். யூடியூப் ஆராதனை வியாதியஸ்தருக்கும் வெளிநாட்டில் தனியாக இருப்பவருக்கும் உதவும். மற்றவர்களுக்கு அது நிரந்தர இடமாகிவிடக் கூடாது. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் திரையில் இருப்பவர் கஞ்சி கொண்டு வரமாட்டார்.

பழைய சபையிலிருந்து முறைப்படி எப்படி விலகுவது? எந்தத் தாள்களை வாங்கிக்கொள்ள வேண்டும்?

சண்டை முற்றுவதற்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் பெற்றிருந்தால் அதன் சான்று, அந்தச் சபையில் திருமணம் நடந்திருந்தால் திருமணச் சான்று ஆகியவை குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் கையில் இருக்க வேண்டும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் போன்ற சபைகளில் வேறு சேகரத்துக்கு, அதாவது வேறு போதகரின் பொறுப்பிலுள்ள சபைக்கு, மாறச் சபை மாற்றுக் கடிதம் கேட்பார்கள். சங்கக் காணிக்கை (அங்கத்தினர் சந்தா) பாக்கி இருந்தால் அதைச் சாக்காகச் சொல்லிக் கடிதத்தை இழுத்தடிப்பதும் நடக்கும். கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். வேண்டுகோளை எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். போதகர் தரவில்லை என்றால் திருமண்டல (பிஷப்பின் ஆளுகைக்குட்பட்ட பகுதி) அலுவலகத்துக்கு எழுதலாம்.

கத்தோலிக்கர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. பங்கு என்பது பொதுவாகக் குடியிருக்கும் எல்லையை வைத்தது. ஞாயிறு திருப்பலிக்கு எந்தக் கோவிலுக்கும் போகலாம், யாரும் தடுக்க முடியாது. திருமணத்துக்கும் பிள்ளைகளின் அருட்சாதனங்களுக்கும் உங்கள் பங்குத்தந்தையின் கடிதம் தேவைப்படும். அவரோடுதான் பிரச்சினை என்றால் மறைமாவட்ட ஆயர் இல்லத்தை அணுகுங்கள்.

தனிச் சபைகளில் பல நேரம் பதிவேடே ஒழுங்காக இருக்காது. ஞானஸ்நானம் எடுத்த தேதி, இடம், கொடுத்தவர், உடனிருந்த இரண்டு பேர் ஆகிய விவரங்களை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதிவிட்டுப் போக வேண்டாம். விலகுகிறோம், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரி போதும்.

எந்த வகைச் சபையில் தேடுவது? எல்லாமே குழப்பமாக இருக்கிறது.

உபதேச வித்தியாசங்களை எல்லாரும் பேசுவார்கள். யார் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை யாரும் பேசுவதில்லை. அதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது சி.எஸ்.ஐ. இங்கே போதகர் மாற்றலாகி வருகிறார், மாற்றலாகிப் போகிறார். சேகரக் கமிட்டி தேர்ந்தெடுக்கப்படுகிறது. மேலே திருமண்டலம், அதற்கும் மேலே சினாட் என்ற தலைமைப் பேரவை உண்டு. ஒரு போதகர் உங்களைத் துன்புறுத்தினால் முறையிட ஒரு படியாவது இருக்கிறது, அவர் சில ஆண்டுகளில் போயும்விடுவார். ஆனால் தேர்தல் அரசியல் கடுமையானது. திருமண்டலத் தகராறுகள் நீதிமன்றத்துக்குப் போய், ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகியாக வைத்த கதைகள் நாம் அறிந்தவைதான். மேலிடத்துச் சண்டையைப் பார்த்துவிட்டு, அமைதியாக நடக்கிற ஒரு கிராமத்துச் சேகரத்தை ஒதுக்கிவிடாதீர்கள்.

1706இல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து வருகிற மரபு தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. 1919இல் தனித் திருச்சபையானது, தலைமையிடம் திருச்சி. அமைப்பு ஏறத்தாழ சி.எஸ்.ஐ. போலவே. சி.எஸ்.ஐ.யில் காயப்பட்டு அதே மாதிரியான வழிபாட்டை விரும்புகிறவர்கள் இங்கே அந்நியமாக உணர்வதில்லை.

அசெம்பிளீஸ் ஆஃப் காட் போன்ற பெந்தெகொஸ்தே அமைப்புகளில் பாஸ்டர் மேலமைப்பின் அங்கீகாரம் பெற்றவராக இருப்பார். அந்த அங்கீகாரத்தைப் பறிக்கவும் அமைப்பால் முடியும். பெந்தெகொஸ்தே மிஷனில் திருமணம் செய்யாத ஊழியர்கள் விசுவாச வீடுகளில் கூடி வாழ்கிறார்கள், கட்டுப்பாடுகள் அதிகம். சேருமுன் அந்தக் கட்டுப்பாடுகளை, முக்கியமாக மருந்து எடுப்பது பற்றிய நிலையை, நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரதரன் சபைகளில் சம்பளம் வாங்கும் ஒற்றைப் போதகருக்குப் பதில் மூப்பர்கள் பலர் சேர்ந்து நடத்துகிறார்கள்.

கடைசியாகத் தனிச் சபைகள். தெருவுக்குத் தெரு இருப்பவை இவைதான். பரிசுத்தமும் எளிமையுமான ஊழியர்கள் இவற்றில் ஏராளம். ஓட்டு வீட்டில் கூட்டம் நடத்தி, தன் சாப்பாட்டைப் பகிர்ந்து கொடுக்கிற பாஸ்டர்களை மதித்தே இதைச் சொல்கிறேன். பல இடங்களில் நிலம் பாஸ்டர் பெயரில், டிரஸ்ட்டில் மனைவியும் மகனும் மருமகனும், அடுத்த பாஸ்டர் மகன். அவர் தவறினால் "ஐயா, இது தப்பு" என்று சொல்ல அவருக்கு மேல் ஆளில்லை. யோவானின் மூன்றாம் நிருபத்தில் வருகிற தியோத்திரேப்பு, சபையில் முதன்மையாயிருக்க விரும்பினவன், அப்போஸ்தலனையே ஏற்காமல் சகோதரர்களைச் சபைக்குப் புறம்பே தள்ளினவன். மேலே யாரும் இல்லாத இடத்தில் அவனைப் போன்றவர்கள் எளிதாக எழுவார்கள். இங்கே சேர்வதானால், குடும்பத்துக்கு வெளியே உள்ள மூப்பர்கள் உண்மையிலேயே முடிவெடுக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

காணிக்கை பற்றிப் புதிய சபையில் எப்படி விசாரிப்பது? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?

தப்பாக நினைத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஒருவரையும் கூட அனுப்புகிறார். யாரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாக இருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8இல் எழுதுகிறார். "நாங்கள் கர்த்தருக்கு மட்டும் கணக்குக் கொடுப்போம்" என்று சொல்கிறவர்களுக்குப் பவுல் கொடுத்த பதிலாகவே அதை நான் வாசிக்கிறேன்.

கேட்க வேண்டியவை எளியவை. சபை சங்கமாகப் பதிவானதா, டிரஸ்ட்டா? தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்கீழ் பதிவான சங்கம் என்றால் ஆண்டுக் கூட்டமும் தணிக்கை செய்த கணக்கும் இருக்க வேண்டும். காணிக்கையை எண்ணுகிறவர்கள் எத்தனை பேர்? வங்கிக் கணக்கில் கையெழுத்து ஒருவரா, இருவரா? காணிக்கை போடச் சொல்லி வைக்கிற கியூஆர் பலகையை ஸ்கேன் செய்தால் சபையின் பெயர் வருகிறதா, பாஸ்டரின் பெயரா? இதைக் கேட்கவே தேவையில்லை, போனிலேயே தெரிந்துவிடும்.

தசமபாகம் கொடுக்கலாமா என்பது உங்கள் மனச்சாட்சி. கொடுக்காதவர் வீட்டு நோயையும் கடனையும் மேடையில் உதாரணமாகச் சொல்கிற இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். சம்பளச் சீட்டைக் கேட்கிற இடமும் அப்படித்தான். முதல் ஆறு மாதம் உங்கள் காணிக்கையில் பெரும்பகுதியை நேரடியாக ஒரு ஏழைப் பிள்ளையின் படிப்புக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ கொடுங்கள். அதுவும் கர்த்தருக்குக் கொடுத்ததே.

முதல் முறை போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பின் வரிசையில் உட்காருங்கள். ஆராதனை முடிந்ததும் உடனே கிளம்பாமல் வாசலில் நில்லுங்கள். பிரசங்கத்தைவிட அந்தப் பத்து நிமிஷம் அதிகம் சொல்லும். பாஸ்டர் கார் வைத்திருப்பவரிடம் மட்டும் பேசுகிறாரா, பூ விற்கிற அக்காவிடமும் நின்று பேசுகிறாரா? முந்தின பாஸ்டரைப் பற்றியோ சபையை விட்டுப் போனவர்களைப் பற்றியோ எப்படிப் பேசுகிறார்கள்? அதே தொனியில்தான் நாளை உங்களைப் பற்றியும் பேசுவார்கள்.

இரண்டாம் மூன்றாம் முறை போகும்போது, பிரசங்கத்தில் புரியாத ஒன்றைப் பணிவாகக் கேளுங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17. கேள்வியை வரவேற்கிறாரா, "பிரதர், உங்களுக்கு விசுவாசம் பத்தல" என்று முடிக்கிறாரா? எனக்குத் தெரியாது, படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு போதகர் சொன்னால் அந்தச் சபைக்கு இன்னும் சில வாரம் போய்ப் பாருங்கள்.

மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தை சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கத் திருச்சபைகள் முழுமையானதாகவே ஏற்கின்றன. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட், பிரதரன் சபைகள் விசுவாசித்தபின் எடுக்கும் முழுக்கு ஞானஸ்நானத்தைப் போதிக்கின்றன. இரு பக்கமும் வேதத்தை மதித்தே பேசுகிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: காயத்தோடு இருக்கும்போது அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். அடுத்த வாரமே தண்ணீரில் இறங்கு என்று நெருக்கினால் பொறுங்கள். பிறகு சி.எஸ்.ஐ.க்குத் திரும்ப நேர்ந்தால் இந்த முடிவு அங்கே கேள்வியாக வரலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

புதிய சபையில் "நீங்க எந்த ஊரு, யாரு வீடு?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். சாதியைத்தானே கேட்கிறார்கள்?

பெரும்பாலும் ஆமாம். வலிக்கிறது, ஆனாலும் மறைக்க முடியாது. 1833இலேயே கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கக் கூடாது என்று திட்டவட்டமாக எழுதினார். அதை எதிர்த்துச் சபையை விட்டு வெளியேறியவர்கள் அன்றும் உண்டு. வடக்கன்குளத்தில் இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்காரும்படி கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு கூடங்களாகப் பிரித்தே கோவிலைக் கட்டினார்கள். இன்று பிரிக்கும் சுவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள், கல்லறைத் தோட்டத்தில் தனித்தனிப் பகுதி இருக்கிறதா, சபைக்குள் நடக்கிற கல்யாணங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தால் தெரியும். சாதி பார்க்காத சபையைத் தேடிப் பிடிப்பது கடினம். "இங்கே அதெல்லாம் இல்லை" என்று உடனே சொல்கிறவர்களைவிட, "இருக்கிறது, அதோடு போராடுகிறோம்" என்று சொல்கிறவர்களை நான் அதிகம் நம்புவேன்.

பழைய சபையில் ஒரு பிள்ளையிடம் தவறாக நடந்தார்கள். வெளியே வந்துவிட்டோம், அது போதாதா?

போதாது. அங்கே இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவரிடம் பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை, தெரிவிக்காமல் மறைப்பதே குற்றம். சபைக்குள் பேசி முடித்துவிட்டோம் என்பதைச் சட்டம் ஏற்காது. குழந்தைகள் உதவி எண் 1098, பெண்களுக்கு 181. சபையின் பெயர் கெடும் என்பார்கள். கெடுத்தவர் தப்புச் செய்தவர்தான், சொன்ன பிள்ளை இல்லை.

புதிய சபையில் ஓய்வுநாள் பள்ளியையும் விடுமுறை வேதாகமப் பள்ளியையும் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்க இடமுண்டா என்று கேளுங்கள். அதற்கு ஒரு விதியே இல்லை என்றால், பிள்ளைகளை உங்கள் பக்கத்திலேயே உட்காரவையுங்கள்.

மாமியார் வீடு முழுக்கப் பழைய சபையில் இருக்கிறது. நாங்கள் மட்டும் மாறினால் உறவு கெடாதா?

கொஞ்சம் உரசல் வரும். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் அசனத்துக்கும் அத்தையோடு பழைய சபைக்குப் போய் வாருங்கள், அங்கே ஆபத்து எதுவும் இல்லை என்றால். "உங்க பாஸ்டர்" என்று வீட்டில் பேசுவதை நிறுத்துங்கள். கணவரும் மனைவியும் ஒரே கருத்தில் இல்லையென்றால் ஒருவர் மற்றவரை இழுக்க வேண்டாம். சில மாதம் ஆளுக்கொரு இடம் போவதால் குடும்பம் உடைந்துவிடாது.

கல்யாணமும் கல்லறையும்தான் கவலை. புதிய சபை சின்னது. நாளைக்கு என்ன செய்வது?

நல்ல கேள்வி, பலர் இதை நினைத்தே மோசமான சபையில் காலம் முழுக்க இருந்துவிடுகிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, கிறிஸ்தவத் திருமணத்தை நடத்த எல்லாப் பாஸ்டருக்கும் அதிகாரம் கிடையாது. பிஷப்பிடம் குருப்பட்டம் பெற்ற குருமார், அரசிடம் உரிமம் பெற்ற ஊழியர், திருமணப் பதிவாளர் போன்றோர் மட்டுமே நடத்தலாம். ஆகவே சின்னச் சபையில் சேருமுன் "பாஸ்டர், உங்களுக்குத் திருமண லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் உரிமம் உள்ள வேறொருவரை அழைத்து நடத்துவது வழக்கம். தமிழ்நாட்டில் எந்த முறையில் திருமணம் நடந்தாலும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

கல்லறைக்கு நகரங்களில் இடமே பெரும் நெருக்கடி. சபைக்குச் சொந்தத் தோட்டம் உண்டா, இல்லையென்றால் எந்தக் கல்லறைத் தோட்டத்தோடு ஏற்பாடு, அங்கத்தினராகி எவ்வளவு காலம் கழித்து உரிமை வரும் என்று விசாரியுங்கள். வயதான பெற்றோர் பழைய சபையின் அங்கத்தினர்களாகத் தொடர விரும்பினால் தொடரட்டும். அவர்களுடைய சங்கக் காணிக்கையை மட்டும் பாக்கியில்லாமல் கட்டிவாருங்கள்.

பழைய சபையில் நடந்ததைப் புதிய இடத்தில் எவ்வளவு சொல்வது?

போதகரிடம் ஒரு முறை, உள்ளதை உள்ளபடி, பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி. சாட்சி நேரத்தில் மைக் பிடித்துச் சொல்ல வேண்டாம். அவர் உங்கள் கதையை அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் உதாரணமாக எடுத்தால், அந்தச் சபை உங்களுக்கு ஆகாது.

ஜெபிக்கவே முடியவில்லை. பாட்டுக் கேட்டால் அந்தப் பழைய மேடைதான் ஞாபகம் வருகிறது.

அப்படி இருப்பவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. உங்கள் விசுவாசம் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களைக் கண்டித்து, சிதறின ஆடுகளை நானே தேடுவேன் என்று எசேக்கியேல் 34இல் கர்த்தர் சொல்கிறார். கண்டனம் மேய்ப்பனுக்கும் பலவீனமானவற்றை முட்டித் தள்ளுகிற கொழுத்த ஆடுகளுக்கும்தான், சிதறிப்போன ஆட்டை அங்கே அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்வதில்லை. சொந்த வார்த்தை வராதபோது சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், உயிரை விடலாமா என்ற நினைப்பு வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலிமானஸ் எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று சொல்கிற சபையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எப்போது அங்கத்தினராகச் சேரலாம்?

குறைந்தது ஒரு வருஷம் போய்ப் பாருங்கள். ஒரு பண்டிகை, ஒரு அடக்க ஆராதனை, ஒரு ஆண்டுக் கூட்டம், ஒரு சண்டை, இவ்வளவையும் அந்தச் சபை எப்படி நடத்துகிறது என்று பார்த்திருக்க வேண்டும். அதுவரை கமிட்டிப் பொறுப்பு, பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் வேலை என்று எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்லித் தள்ளிப்போடுங்கள். "இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும், ஐயா" என்று நீங்கள் சொல்லும்போது அவர்கள் முகம் மாறாமல் இருந்தால், படிவத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, குடும்பமாக வாசித்துக் கையெழுத்துப் போடுங்கள்.